தமிழ்த் தளத்தில் எழுத்து ஏன் உடைகிறது? வெப் டெவலப்பர்களுக்கான கேள்வி பதில்

தமிழ் உள்ளடக்கம் இருக்கும் தளங்களில் வேலை பார்ப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒரு சின்ன ஏற்பாடு: கட்டளைகளைப் போனில் நண்பருக்குச் சொல்வதுபோல, ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். "டபிள்யூசி மைனஸ் எம்" என்றால் டெர்மினலில் அதற்குரிய ஆங்கில எழுத்துகளைத் தட்டிக்கொள்ளுங்கள். "பைப்" என்றால் செங்குத்துக் கோடு.

"தமிழ்" என்ற சொல்லுக்கு ஜாவாஸ்கிரிப்டில் லெங்த் கேட்டால் 5 என்கிறது. மூன்று எழுத்துதானே?

நமக்கு மூன்று. யூனிகோடுக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. தமிழின் 247 எழுத்துகளுக்கும் யூனிகோடில் தனித்தனி இடம் கிடையாது. உயிர்கள், அகரமேறிய மெய்கள், துணைக்குறிகள், புள்ளி, ஆய்தம் ஆகியவற்றுக்குத்தான் எண் உண்டு. மற்ற எல்லாம் அவற்றைச் சேர்த்து உருவாவது. தமிழுக்கான பகுதி 2944-இல் தொடங்கி 3071-இல் முடிகிறது. க என்பது 2965. எச்டிஎம்எல் பக்கத்தில் க என்று எழுதிப் பாருங்கள், க வந்து நிற்கும்.

யூனிகோட் எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறைதான் யூடிஎஃப்-8. இந்த ஒவ்வொரு எண்ணும் அதில் மூன்று பைட் பிடிக்கும். ஆக ஒரே சொல்லுக்கு மூன்று கணக்கு. டெர்மினலில் பிரின்ட்எஃப் கொடுத்து, மேற்கோளுக்குள் தமிழ் என்று எழுதி, பைப் போட்டு டபிள்யூசி மைனஸ் சி கொடுத்தால் 15 வரும், அது பைட். மைனஸ் எம் கொடுத்தால் 5, அது கோட்பாயின்ட், அதாவது யூனிகோட் எண்களின் கணக்கு. கண்ணுக்குத் தெரியும் மூன்றைச் சொல்ல டபிள்யூசிக்குத் தெரியாது. பிரின்ட்எஃப்-க்குப் பதில் எக்கோ போட்டால் வரி முடிவுக் குறியும் சேர்ந்து 16 என்று காட்டும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பெரிய சொல் ஒன்று: திருச்சிராப்பள்ளி. எழுத்து 9, கோட்பாயின்ட் 17, பைட் 51. தமிழ்த் தளங்களில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்று எண்களில் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்றைப் போட்டதால் வந்தவைதான்.

மைனஸ் எம் கொடுத்தும் 15 வருகிறதா? லொகேல், அதாவது கணினியின் மொழி, குறியேற்ற அமைப்பு, வைக்கப்படவில்லை என்று அர்த்தம். டாக்கர் கண்டெய்னர்களில் இது சகஜம். லேங் மாறியைச் சி-டாட்-யூடிஎஃப்-8 என்று வைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

அப்படியானால் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எப்படி எண்ணுவது, எப்படி வெட்டுவது?

ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்டில் டாட் செக்மென்ட்டர் இருக்கிறது. மொழி டிஏ, கிரானுலாரிட்டி கிராஃபீம் என்று கொடுத்தால் த, மி, ழ் என்று மூன்றாகப் பிரித்துத் தரும். குரோமும் சஃபாரியும் முன்பே தந்துவிட்டன. ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் 2024 ஏப்ரலில் வந்த 125-ஆம் பதிப்பு வரை இழுத்தடித்தது. இப்போது தயங்காமல் பயன்படுத்தலாம்.

பிஎச்பியில் எஸ்டிஆர்லென் பைட்டை எண்ணும், எம்பி-அண்டர்ஸ்கோர்-எஸ்டிஆர்லென் கோட்பாயின்ட்டை எண்ணும். இன்ட்டில் நீட்சியில் உள்ள கிராஃபீம்-அண்டர்ஸ்கோர்-எஸ்டிஆர்லென்தான் எழுத்தை எண்ணும். வெட்டுவதற்கும் இதே பெயர் வரிசையில் சப்ஸ்டர் உண்டு. பைத்தானில் லென் கோட்பாயின்ட் கணக்கு. எழுத்துக் கணக்குக்கு ஓப்பன்-தமிழ் நூலகத்தின் கெட்-லெட்டர்ஸ் ஃபங்ஷன் வசதி.

இது எங்கே காலை வாரும்? பயனர் படம் இல்லாதபோது பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் போடுவோமே, அங்கே. செல்வி என்ற பெயருக்கு நான் ஒருமுறை சுழியாம் இடத்து எழுத்தை எடுத்துப் போட்டேன், ச என்று வந்தது. சண்முகம், செல்வி, சோமு, சுதா எல்லோருக்கும் ச. தமிழில் செல்வியின் இனிஷியல் செ., சோமுவுக்குச் சோ. வாடிக்கையாளர் போன் செய்து "ஏன் தம்பி, எங்க ஆபீஸ்ல எல்லாரும் ஒரே ஆளா?" என்று கேட்ட பிறகுதான் உறைத்தது.

ஒரு எச்சரிக்கை. க்ஷ, ஸ்ரீ இரண்டும் கண்ணுக்கு ஒற்றை வடிவம். ஆனால் செக்மென்ட்டர் க்ஷ-வை க், ஷ என்றும், ஸ்ரீ-யை ஸ், ரீ என்றும் இரண்டாகத்தான் பிரிக்கும். சொல் விளையாட்டு, குறுக்கெழுத்து மாதிரி எதையாவது எழுதினால் இந்த இரண்டையும் கையால் சேர்த்துவிடுங்கள்.

பதிவுப் படிவத்தில் பெயரை முழுதாகத் தட்ட முடியவில்லை என்று புகார் வருகிறது.

இன்புட் பெட்டியில் மேக்ஸ்லெங்த் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? அது எழுத்தை எண்ணாது. 15 என்று வைத்தால் திருச்சிராப்பள்ளி உள்ளே போகாது, அதற்கு 17 வேண்டும். ஆங்கிலப் படிவத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரும்போது எல்லா நீளங்களையும் இரண்டால் பெருக்கிவிடுவது என் வழக்கம். மைஎஸ்க்யூஎல்-இன் வார்கேர் அளவும் கோட்பாயின்ட் கணக்கில்தான், பைட் கணக்கில் இல்லை.

குறுஞ்செய்தி அனுப்பும் தளமானால் இன்னும் கவனம். ஆங்கிலக் குறுஞ்செய்திக்கு 160 குறிகள் கிடைக்கும். ஒரே ஒரு தமிழ் எழுத்து உள்ளே வந்தாலும் அது 70 ஆகச் சுருங்கும். நீளமாகிப் பல துண்டாகப் போனால் துண்டுக்கு 67. திருச்சிராப்பள்ளி ஒன்றே 17-ஐத் தின்றுவிடும். துண்டுக்குத் துண்டு காசு என்பதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு சொற்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன, ஒப்பிட்டால் ஃபால்ஸ் வருகிறது. தேடலிலும் சிக்குவதில்லை. கண்ணில் கோளாறா, கோடில் கோளாறா?

கோடிலும் இல்லை, தரவில் கோளாறு. கண்ணை நம்பாதீர்கள், பைட்டைப் பாருங்கள். பிரின்ட்எஃப் கொடுத்துச் சொல்லை எழுதி, பைப் போட்டு, ஓடி மைனஸ் பெரிய ஏ சின்ன என், அப்புறம் மைனஸ் டி யூ 1. பைட்டுகள் பத்தடிமான எண்களாக வரும். கொ என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

முதல் கொ: 224 174 149 224 175 138

இரண்டாவது கொ: 224 174 149 224 175 134 224 174 190

முதலாவதில் ஒகரக் குறி ஒரே கோட்பாயின்ட். இரண்டாவதில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனி. திரையில் அணுவளவும் வித்தியாசம் தெரியாது. கோ, கௌ, ஔ ஆகியவற்றுக்கும் இதே இரட்டைப் பிறவி உண்டு. மருந்து எளிது: தரவு உள்ளே வரும் வாசலிலேயே, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ், பைத்தானில் யூனிகோட்-டேட்டா, பிஎச்பியில் நார்மலைசர். பழைய கோப்பு மொத்தத்தையும் மாற்ற வேண்டுமானால் யூகான்வ் மைனஸ் எக்ஸ் எனி-என்எஃப்சி.

அதோடு முடிந்தால் நல்லது. முடியாது. நார்மலைஸ் செய்தாலும் ஒன்றாகாத ஜோடிகள் இருக்கின்றன, அவைதான் உண்மையான தலைவலி.

ஔவை என்பதைப் பலர் ஒ, ள, வை என்று தட்டுகிறார்கள். கௌசல்யாவைக் கெ, ள, சல்யா என்று தட்டுகிறார்கள். ஔகாரத்தின் பின்பாதி ளகரம் மாதிரியே இருப்பதால் தட்டியவரும் கவனிப்பதில்லை, சரிபார்த்தவரும் கவனிப்பதில்லை. யூனிகோடுக்கு அது ளகரம், அவ்வளவுதான். இதற்குப் பொது விதி எழுதக் கூடாது, ஏனென்றால் ஒளி, ஒளிவு, கெளுத்தி மாதிரி உண்மையிலேயே ள வரும் சொற்கள் இருக்கின்றன. ஒளி எல்லாம் ஔி ஆகிப்போன ஒரு தரவுத்தளத்தைத் திருத்திக் கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். சொற்பட்டியல் வைத்து, ஔவை, ஔடதம், கௌரி, சௌந்தர், மௌனம் என்று தெரிந்தவற்றை மட்டும் மாற்றுங்கள்.

அடுத்தது ஸ்ரீ. இதை ஸகரத்தை வைத்தும் எழுதலாம், ஶகரத்தை வைத்தும் எழுதலாம். இரண்டும் ஒரே வடிவமாகத்தான் திரையில் விழும். ஶ யூனிகோடுக்குள் வந்ததே 2005-இல்தான், ஆகவே அதற்கு முந்தைய தரவு முழுக்க ஸ வழிதான். விசைப்பலகைக்கு விசைப்பலகை இது மாறுகிறது. ஸ்ரீதர், ஸ்ரீரங்கம், ஸ்ரீவித்யா என்று பெயர் அதிகம் புழங்கும் தளமானால் தேடலுக்கென ஒரு தனி நெடுவரிசை வைத்து, அதில் இரண்டையும் ஒரே வழிக்குக் கொண்டுவந்து சேமியுங்கள். பயனர் தட்டிய மூலத்தை மாற்ற வேண்டாம்.

தமிழ் எண்களும் ஆள்மாறாட்டம் செய்யும். ௧ எண், க எழுத்து. ௭ எண், எ எழுத்து. ௮ எண், அ எழுத்து. கடைசியாக, கண்ணுக்கே தெரியாத ஆட்கள்: 8203, 8204, 8205, 65279 ஆகிய எண்களுக்குரிய குறிகள். வேர்டிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ ஒட்டும்போது கூடவே வந்து குந்திக்கொள்ளும். பெயர், கடவுச்சொல் போன்ற புலங்களில் தயவு பாராமல் நீக்குங்கள். கட்டுரை உடலில் மட்டும் 8204-ஐ விட்டுவையுங்கள், க்ஷ வடிவம் சேராமல் க், ஷ என்று தனித்து நிற்கவேண்டிய இடத்தில் சிலர் அதை வேண்டுமென்றே போடுவதுண்டு.

பக்கத்தில் தமிழுக்குப் பதில் குப்பையாக ஏதோ வருகிறது.

என்ன குப்பை என்று முதலில் பாருங்கள். மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

சாய்கோடு தலையில் ஏறிய சின்ன ஆங்கில ஏ, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக் குறி. இந்த ஜோடி மறுபடி மறுபடி வந்தால் உங்கள் தரவு பத்திரமாக இருக்கிறது. தமிழ் எழுத்துகளின் முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. பழைய லத்தீன் அட்டவணையில் 224-தான் அந்தச் சாய்கோட்டு ஏ, 174-தான் அந்த வட்ட ஆர். அதாவது யூடிஎஃப்-8 பைட்டுகளை லத்தீன் என்று நினைத்து யாரோ வாசிக்கிறார்கள். கர்ல் மைனஸ் பெரிய ஐ கொடுத்து, கன்டென்ட்-டைப் தலைப்பில் சார்செட் என்ன என்று பாருங்கள். மெட்டா சார்செட் வரி பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே நீளமான ஸ்கிரிப்ட்டுகளைத் திணித்து அதைக் கீழே தள்ளிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தரவுத்தளத்துக்குள்ளேயே அப்படிப் பதிந்திருந்தால்? லத்தீன்-1 என்று அறிவித்த நெடுவரிசையில் யூடிஎஃப்-8 பைட்டுகள் உட்கார்ந்திருக்கும். அதை நேராக யூடிஎஃப்-8-எம்பி-4 ஆக மாற்றாதீர்கள், குப்பை நிரந்தரமாகிவிடும். முதலில் வெறும் பைட்டாக வைக்கும் பிளாப் வகை, அப்புறம் யூடிஎஃப்-8-எம்பி-4, இப்படி இரண்டு தாவலில் மாற்றுங்கள். பிளாபுக்குப் போகும்போது பைட்டுகள் அப்படியே நிற்கும், திரும்பி வரும்போது சரியான கண்ணாடி மாட்டிக்கொள்ளும். நகல் எடுத்துவிட்டுச் செய்யுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இரண்டாவது வகை, வரிசையாகக் கேள்விக்குறி. இது கெட்ட செய்தி. சேமிக்கும்போதே எழுத்து தொலைந்துவிட்டது, பெரும்பாலும் இணைப்பின் சார்செட் தவறு. பேக்கப் இருந்தால்தான் மீட்க முடியும்.

மூன்றாவது, கட்டம் கட்டமாக வருவது. தரவு சரி, குறியேற்றம் சரி, எழுத்துரு இல்லை.

யூடிஎஃப்-8 போதாதா, எம்பி-4 எதற்கு?

மைஎஸ்க்யூஎல்-இல் வெறும் யூடிஎஃப்-8 என்றால் எழுத்துக்கு மூன்று பைட் வரைதான். வழக்கமான தமிழ் அதற்குள் அடங்கிவிடும். ஈமோஜி அடங்காது. 2019-இல் யூனிகோட் 12-உடன் வந்த தமிழ்ப் பின்னங்களும் பழைய அளவைக் குறிகளும் அடங்காது, அவற்றுக்கு நான்கு பைட் வேண்டும். முந்திரி, அரைக்கால் எல்லாம் யார் போடப் போகிறார்கள் என்று கேட்கலாம். கல்வெட்டு, ஓலைச்சுவடித் தளம் செய்பவர்கள் போடுவார்கள். மைஎஸ்க்யூஎல் 8-இல் எம்பி-4-தான் இயல்பு, பழைய பதிப்புகளில் கையால் வைக்க வேண்டும்.

ரெகெக்ஸ் தமிழ்ச் சொற்களைத் துண்டாக்குகிறது.

பைத்தானின் உள்ளமைந்த ரெகெக்ஸில் பின்சாய்கோடு-டபிள்யூ கூட்டல்குறி போட்டுத் தமிழ் என்ற சொல்லில் தேடினால் இரண்டு துண்டு கிடைக்கும்: தம, ழ. இகரக் குறியும் புள்ளியும் எழுத்தே இல்லை என்று அது நினைக்கிறது. இஸ்-ஆல்ஃபா ஃபங்ஷனும் அப்படித்தான். அகல என்றால் ட்ரூ சொல்லும், தமிழ் என்றால் ஃபால்ஸ். பெயர்ப் புலத்தில் இதை வைத்துச் சரிபார்த்தால் தமிழ்நாட்டுப் பெயர்களில் பெரும்பாலானவை செல்லாதவை ஆகிவிடும்.

ஜாவாஸ்கிரிப்டில் யூ கொடியுடன், பின்சாய்கோடு-பி நெளி அடைப்பில் எல், அப்புறம் பின்சாய்கோடு-பி நெளி அடைப்பில் எம், இரண்டையும் சதுர அடைப்புக்குள் சேர்த்து எழுதுங்கள். எல் என்பது எழுத்து, எம் என்பது குறி. எம்-ஐ மறந்தால் பழையபடி தம, ழ. பைத்தானில் ரெகெக்ஸ் என்ற பெயரிலேயே உள்ள வெளி நூலகத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டெம்ப்ளேட்டுகளில் மொழிபெயர்ப்புக் கோப்புக்குப் போகாமல் நேரடியாக எழுதப்பட்ட தமிழைத் தேட வேண்டுமானால் கிரெப் மைனஸ் ஆர் என் பெரிய பி, மேற்கோளுக்குள் பின்சாய்கோடு-பி நெளி அடைப்பில் தமிழ் என்று ஆங்கிலத்தில். கோப்பும் வரி எண்ணும் வரும். மேக்கில் இருக்கும் கிரெப்புக்குப் பெரிய பி தெரியாது, ரிப்கிரெப் நிறுவிக்கொண்டால் அதே தேடல் ஓடும். புது புராஜெக்ட் கைக்கு வந்ததும் நான் முதலில் ஓட்டிப் பார்ப்பது இதைத்தான்.

எஸ்க்யூஎல் பற்றியும் ஒன்று: லைக், க சதவீதக்குறி என்று தேடினால் கண்ணனோடு காமாட்சி, கிருஷ்ணன், குமார், கோமதி எல்லோரும் வருவார்கள். அகராதித் தளத்தில் "க" பக்கத்துக்கு இப்படிச் செய்துவிட்டுக் "கா" பக்கத்தில் பாதிச் சொற்கள் இரண்டாம் முறை வருகின்றனவே என்று விழிக்க வேண்டாம்.

அகர வரிசை தப்பாக வருகிறது.

கனவு, கப்பல், கமலம் என்று வருகிறதா? அகராதிப்படி கப்பல், கமலம், கனவு. கோட்பாயின்ட் எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும், ள என்பது ழ-வுக்கு முன்னும் வந்துவிடும். ஜெயந்தி தமிழரசிக்கு முன்னால் போய் நிற்பார். காரணம் வரலாறு. யூனிகோடின் தமிழ்ப் பகுதி இஸ்கீ என்ற இந்தியத் தரத்தின் அமைப்பைப் பின்பற்றியது. அது எல்லா இந்திய மொழிகளையும் ஒரே அச்சில் வார்த்தது. தேவநாகரியில் எந்த இடமோ அந்த இடத்துக்கு நேரே தமிழ் எழுத்தை வைத்தார்கள்.

பள்ளி ஒன்றுக்கு மாணவர் பட்டியல் செய்து கொடுத்தபோது வயதான தமிழாசிரியர் ஒருவர் அச்செடுத்த தாளைச் சிவப்பு மையால் சுழித்து அனுப்பினார். "னகரம் மெய்களில் கடைசி" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். எனக்கு அது நியாயமான பக் ரிப்போர்ட்.

ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்டில் டாட் கொலேட்டருக்கு டிஏ கொடுத்து, அதன் கம்பேர் ஃபங்ஷனைச் சார்ட்டுக்குக் கொடுங்கள். நோடில் ஓட்டுவதானால் 13-ஆம் பதிப்புக்கு முந்தையதாக இருக்கக் கூடாது, அதுவரை முழு மொழித் தரவு உடன் வரவில்லை. போஸ்ட்கிரெஸில் டிஏ-எக்ஸ்-ஐசியூ கொலேஷன், அதாவது வரிசை விதி. மைஎஸ்க்யூஎல்-இல் ஜெனரல்-சிஐ என்று முடியும் கொலேஷனைத் தவிருங்கள், அது கோட்பாயின்ட் வரிசைதான். 0900 என்று வருவது மெய்களை ஒழுங்காக அடுக்கும்.

கிட் ஸ்டேட்டஸில் தமிழ்க் கோப்புப் பெயர் எண்களாக வருகிறது.

\340\256\244 என்று தொடங்கினால் அது த. எட்டடிமானத்தில் பைட்டைக் காட்டுகிறது. கிட் கான்ஃபிக்கில் கோர் டாட் குவோட்பாத் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். அவ்வளவுதான்.

என் மேக்கில் படம் தெரிகிறது, சர்வரில் 404. கோப்பின் பெயர் கோயில்.

கோப்பின் பெயரை வேறு ஏதாவது வையுங்கள் என்பது என் முதல் பதில். காரணம் கேட்டால்: மேக்கின் பழைய எச்எஃப்எஸ்-பிளஸ் கோப்பு முறை, பெயர்களைப் பிரித்த வடிவத்தில் சேமிக்கும். கோ என்பது இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரிந்துவிடும். மேக்குக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. ஏற்கெனவே ஆயிரம் கோப்பு இருந்தால் கான்வ்எம்வி உதவும்: மைனஸ் எஃப் யூடிஎஃப்8, மைனஸ் டி யூடிஎஃப்8, இரட்டை மைனஸ் என்எஃப்சி, மைனஸ் ஆர், அப்புறம் அடைவின் பெயர். இது வெறும் ஒத்திகை. திருப்தியானால் இரட்டை மைனஸ் நோடெஸ்ட் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

முகவரியில் தமிழ் வைக்கலாமா? வேர்ட்பிரஸில் பாதியில் வெட்டுப்படுகிறது.

வைக்கலாம். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று டொமைன்களே தமிழில் இருக்கின்றன. ஆனால் முகவரியின் பாதைப் பகுதியில் ஒவ்வொரு கோட்பாயின்ட்டும் சதவீதக் குறிகளோடு சேர்ந்து 9 குறியாக விரியும். முகவரியில் தலைப்பைக் காட்டும் துண்டான ஸ்லக்குக்கு வேர்ட்பிரஸில் 200-தான் இடம், அதாவது 22 கோட்பாயின்ட். "திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை" என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். முதல் சொல்லுக்கு 153, இடைக்கோட்டுக்கு 1, மிச்சம் 46. அதில் ஐந்து கோட்பாயின்ட் போகும். ஸ்லக் "திருச்சிராப்பள்ளி-மலைக்" என்று நிற்கும். கோட்டை காணாமல் போயிற்று. பகிரும்போது இரண்டு முழ நீளத்துக்கு சதவீதக் குறிகள் வேறு. நான் குறுகிய ஆங்கில ஒலிபெயர்ப்பையோ வெறும் எண்ணையோதான் வைக்கிறேன், தலைப்பு தமிழில் இருந்தால் போதும்.

சிஎஸ்வி ஏற்றுமதியை எக்ஸெலில் திறந்தால் தமிழ் தெரியவில்லை.

கோப்பின் தலையில் பாம் இல்லை, அதாவது இது யூடிஎஃப்-8 என்று சொல்லும் தொடக்கக் குறி. பிரின்ட்எஃப் '\357\273\277' என்று மூன்று பைட்டை ஒரு புதுக் கோப்பில் எழுதி, அதன் பின்னால் உங்கள் சிஎஸ்வியைக் கேட் கட்டளையால் ஒட்டுங்கள். எக்ஸெல் சமாதானமாகிவிடும். மற்ற எந்தக் கோப்புக்கும், குறிப்பாகப் பிஎச்பி கோப்புக்கு, பாம் போடாதீர்கள். ஹெடர் அனுப்புவதற்குமுன் அந்த மூன்று பைட் வெளியே போய்விடும்.

பிடிஎஃப்-இல் கொம்பு இடம் மாறி விழுகிறது.

கெ என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தெரிய வேண்டும், தரவிலோ க-தான் முதலில். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத நூலகங்கள் கொம்பைப் பின்னால் நட்டுவிடும். டாம்பிடிஎஃப் அந்த ரகம். எம்பிடிஎஃப் தேவலாம். குரோமைத் திரையில்லாமல் ஓட்டி அச்சிடுவது எல்லாவற்றையும்விட நிம்மதி. சர்வரில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று எஃப்சி-லிஸ்ட், இடைவெளி, முக்காற்புள்ளி, லேங் சமக்குறி டிஏ என்று தட்டிப் பாருங்கள். எதுவும் வராவிட்டால் இல்லை. டெபியனிலும் உபுண்டுவிலும் ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல் நிறுவினால் போதும்.

எழுத்துருக் கோப்பின் அளவைக் குறைக்கலாமா?

தாராளமாக. பைஎஃப்டி-சப்செட் கருவியில் 2944 முதல் 3071 வரை எடுங்கள், அது எண்களைப் பதினாறடிமானத்தில் கேட்கும். கூடவே 8204, 8205, புள்ளிவட்டமான 9676, ரூபாய்க் குறியான 8377. லேஅவுட்-ஃபீச்சர்ஸ் என்ற கொடிக்கு நட்சத்திரக்குறி கொடுங்கள், க்ஷ, ஸ்ரீ போன்ற கூட்டு வடிவங்களை எழுத்துருவுக்குள் இருக்கும் விதிகள்தான் உண்டாக்குகின்றன. லைன்-ஹைட்டையும் ஆங்கிலத்துக்கு வைத்ததைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள், கூ, ழூ, ஞூ எல்லாம் கீழே இடம் கேட்கும்.

பழைய தளம் பாமினியில் இருக்கிறது. ஐகான்வ் மாற்றுமா?

மாற்றாது. பாமினி குறியேற்றத் தரம் அல்ல, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தை வரைந்த எழுத்துரு. கோப்பைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கிலம். டிஸ்கி வேறு கதை, அது முறையாகப் பதிவான குறியேற்றம், லினக்ஸின் ஐகான்வுக்கு அது தெரியும்: மைனஸ் எஃப் டிஸ்கி (டி-எஸ்-சி-ஐ-ஐ), மைனஸ் டி யூடிஎஃப்-8. பாமினி, டேப், டேம் மாதிரியானவற்றுக்கு ஓப்பன்-தமிழில் மாற்றிகள் இருக்கின்றன.

ஆனால் கோப்பை மொத்தமாக மாற்றியில் கொட்டாதீர்கள். எச்டிஎம்எல் டேக்குகளும் ஆங்கில எழுத்துதானே, அவையும் தமிழாகிவிடும். பியூட்டிஃபுல்-சூப் கொண்டு பக்கத்தைப் பிரித்து, பாமினி என்று ஃபான்ட் டேக் போட்ட உரைத் துண்டுகளை மட்டும் மாற்றுங்கள். நடுவில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் வேறு எழுத்துருவில் இருக்கும், அவற்றைத் தொடக் கூடாது. மாற்றி முடித்ததும் ஒருமுறை என்எஃப்சி, அப்புறம் அந்த ஔ சொற்பட்டியல்.